அத்தியாயம் 9: நட்சத்திரம் அணைந்த ஜன்னல்

போன வாரம் தோரால்வைக் குளியலறையில் விட்டுவிட்டு வந்தோம். கதவைத் தாழிட்டுக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கைபேசியில் ஒரே கடிதத்தை நூறாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம் ஆயிற்று. பாவம், கால் மரத்துப் போயிருக்கும்.

கடிதத்தில் இருந்தது நாலே வரி. நாட்டின் தெற்குக் கோடியில், அவன் பிறந்த மான்டால் ஊரில், ஒரு மின்சாரக் கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிடுகிறது. குடும்பத்தோடு வரலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் பதில் வேண்டும்.

'வருகிறேன்' என்று தோரால்வ் பதில் எழுதியும் வைத்துவிட்டான். அனுப்பவில்லை. மனைவி ராக்னியிடம் சொல்லவும் இல்லை. அவள் கப்பலில் இன்ஜினியர். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். இதெல்லாம் போனில் சொல்கிற விஷயமா என்று அவன் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். நேரில் சொல்லக்கூடிய நாட்களில் 'கப்பலுக்குப் போகிற நேரத்தில் எதற்கு' என்று சொல்லிக்கொண்டவனும் அவன்தான்.

இன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை. டிசம்பர் பதின்மூன்று, லூசியா விளக்குத் திருநாள். ராக்னி நாலு மணிப் படகில் வீடு வருகிறாள்.

காலை எட்டு மணிக்குத் தோரால்வ் பாலர் பள்ளியின் நடையில் முழங்கால் உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெளியே இருட்டு. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நவம்பர் கடைசியில் கும்பிடு போட்டுவிட்டுப் போன சூரியன் ஜனவரி பாதியில்தான் வடகோடியிலிருக்கிற இந்தத் தீவுக்குத் திரும்பும். காலையும் இருட்டு, மாலையும் இருட்டு. நடுப்பகலில் மட்டும் யாரோ நீல மையைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இரண்டு மணி நேரம் ஒரு வெளிச்சம்.

இந்தத் தீவின் தெருவிளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவன் தோரால்வ். பதினோரு வருஷமாக ஏணியும் பல்புமாக அலைகிறான். ஊருக்கே வெளிச்சம் போடுகிற ஆள், நவம்பர் பிறந்தால் நெஞ்சுக்குள் நனைந்த கம்பளியைத் திணித்த மாதிரி ஆகிவிடுவான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகி மனைவியின் ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், "இந்த ஊருக்கு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கு?" என்று ராக்னியிடம் கேட்டான். அவள் சிரித்த சிரிப்பில் படுக்கையே குலுங்கியது. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து அவன் 'அந்தத் தமாஷான தெற்கத்தியான்'. அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு எப்படி அழுவது?

"ராக்னி இன்னைக்குத்தானே வர்றா?" பக்கத்து நாற்காலியில் பெரித் வந்து உட்கார்ந்தாள். படகுத்துறையில் கடை வைத்திருப்பவள். அவள் கடை ஜன்னலிலிருந்து பார்த்தால் மேட்டிலிருக்கிற அத்தனை வீடும் தெரியும்.

"நாலு மணிப் படகுலக்கா."

"புதன்கிழமை வாங்கிட்டுப் போனியே வாழைப்பழ அட்டைப்பெட்டி, பத்துச்சா?"

"பத்துச்சு."

"ஆறு பெட்டி எதுக்குப்பா? அப்படி என்னத்தைப் போட்டு…"

விளக்கு அணைந்தது. "ஷ்ஷ்!" என்றது முன்வரிசை. பாட்டு தொடங்கிவிட்டது. பெட்டி எதற்கு என்று சொல்ல வாயெடுத்த தோரால்வ் வாயை மூடிக்கொண்டான். அந்த ஒரு வரியை அப்போதே சொல்லித் தொலைத்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

நடையின் மறுமுனையிலிருந்து வெள்ளை அங்கி போட்ட குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். முன்னால் லூசியாவாக வந்த பெண் குழந்தையின் தலையில் ஒளிக் கிரீடம். ஒவ்வொரு கையிலும் ஒரு மெழுகுவர்த்தி, பாட்டரியில் எரிவது. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் தோரால்வின் தாடி பொசுங்கியதிலிருந்து பள்ளியில் அசல் மெழுகுவர்த்தி கிடையாது.

மூன்றாவதாக அவன் பையன் அஸ்லாக், ஐந்து வயது. தலையில் நட்சத்திரம் ஒட்டிய கூம்புத் தொப்பி. பாட வேண்டிய இடத்தில் பாடாமல் கூட்டத்தில் அப்பாவைத் தேடினான். கண்டுபிடித்ததும் மெழுகுவர்த்தியைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பேய் முகம் காட்டினான்.

தோரால்வும் பதிலுக்குப் பல்லைக் காட்டினான். பேயை விட அவன் முகம்தான் பயமாக இருந்திருக்கும். மூன்று மணிக்கு இன்னும் ஏழு மணி நேரம்.

பன்னிரண்டு மணிக்குப் பள்ளிகள் விட்டன. மகள் சுன்னிவா ஒன்பது வயசுக்காரி, எதையும் திட்டத்தோடு செய்கிறவள். பள்ளி வாசலிலேயே அன்றைய திட்டம் தயாராக இருந்தது.

"முதல்ல பனிக்கட்டி விளக்கு. அப்புறம் பெட்டி. அம்மா வர்றதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கணும். அப்பா, நீ பேசாம நாங்க சொல்றதைச் செய்."

"உங்கம்மா இதே மாதிரிதான் கப்பல்ல ஆளுங்களை மேய்க்கறா."

"அம்மா சம்பளம் தர்றா. நாங்க தரமாட்டோம்."

மேட்டில் ஏறினார்கள். பனியும் வானமும் கடலும் ஒரே நீலம். எது எங்கே முடிகிறது என்று தெரியாத நீலம். குழந்தைகளின் குளிர்ச்சட்டையில் தைத்த பளபளப்புப் பட்டை மட்டும் தெருவிளக்கு படும்போதெல்லாம் கண் சிமிட்டியது. இருபுறமும் வீடுகள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு காகித நட்சத்திரம், உள்ளே பல்பு எரிய, ஆரஞ்சும் வெள்ளையுமாக.

டிசம்பர் முழுக்க இந்தத் தீவில் அந்த நட்சத்திரத்தை யாரும் அணைப்பதில்லை. தூங்கும்போதும் எரியும், வீட்டில் ஆளில்லாதபோதும் எரியும். கடலிலிருந்து வருகிற படகு அதை எண்ணிக்கொண்டே வரும். மேட்டில் மூன்று வீடுகளில் மட்டும் நட்சத்திரம் இல்லை. மூன்றும் காலி செய்துகொண்டு பட்டணம் போனவர்களுடையவை. மூன்று வீட்டுக்காரர்களும் போகிறோம் என்று வாய் திறந்து சொல்வதற்கு முன்னால் ஜன்னல்தான் சொன்னது. நட்சத்திரம் இறங்கினால் ஆள் இறங்கப் போகிறான் என்று அர்த்தம். இது எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்திருந்தால் தெற்கத்தியான் படித்திருப்பான்.

பின்கட்டில் முந்தின நாள் வைத்த வாளித் தண்ணீர் ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் மட்டும் தண்ணீராக நின்றது. தோரால்வ் வாளியைக் கவிழ்த்துக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினான். பனிக்கட்டி 'ப்ளக்' என்று வெளியே வந்தது. அச்சு அசலாக வாளியின் உருவம், நடுவில் குழி. உள்ளே ஓர் இலை உறைந்து கிடந்தது. ஓரமாக அஸ்லாக்கின் ஒற்றைக் கையுறை.

"அதைத்தான் நேத்துலேருந்து தேடறோம்!" என்றாள் சுன்னிவா.

"நான்தான் போட்டேன். அது மீன்," என்றான் அஸ்லாக்.

குழிக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார்கள். பனிக்கட்டி மஞ்சளாகி, கையுறை நிஜமாகவே மஞ்சள் குளத்தில் நீந்துகிற சிவப்பு மீனாக மாறியது. மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து, மூக்கு விறைக்கிற வரை அதையே பார்த்தார்கள். தோரால்வின் நெஞ்சுக் கம்பளி கொஞ்சம் காய்ந்த மாதிரி இருந்தது. மணி ஒன்றரை.

வீட்டுக்குள்ளே அந்த ஆறு அட்டைப்பெட்டிகள் காத்துக்கொண்டிருந்தன. புதன், வியாழன் இரண்டு நாளும் அப்பாவும் பிள்ளைகளும் அவற்றை அறுத்து ஒட்டி, கூடத்தின் குறுக்கே ஒரு சுரங்கப்பாதையாக ஆக்கியிருந்தார்கள். கடைசிப் பெட்டி அகலமானது. அதன் மேல்பக்கத்தில் ஆணியால் இருநூறு முந்நூறு ஓட்டைகள். உள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டு, வெளியிலிருந்து டார்ச் அடித்தால் தலைக்கு மேலே வானம்.

"லைட்டை அணைங்க," என்றாள் சுன்னிவா.

அணைத்தான். அடுப்பு விளக்கு, நடை விளக்கு, எல்லாம்.

"அதுவும்."

ஜன்னலில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.

"அது வேண்டாம்டா கண்ணு. அது எப்பவும் எரியறது."

"அது எரிஞ்சா இருட்டே இல்லப்பா. இருட்டு இல்லேன்னா நட்சத்திரம் எப்படி வரும்?"

"அணைப்பா!" என்றான் அஸ்லாக், பெட்டிக்குள்ளிருந்து. அவன் ஏற்கெனவே படுத்தாகிவிட்டது.

அரை மணி நேரம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தான் தோரால்வ். நூற்று நாற்பது பேர் இருக்கிற தீவில் பிறந்தவன் எவனும் அப்படி நினைக்க மாட்டான். இவன் நினைத்தான். சுவிட்சைத் தட்டினான்.

இருட்டு.

பதினோரு வருஷத்தில் அவன் இந்த இருட்டுக்குள் வேண்டுமென்றே நுழைந்ததில்லை. எப்போதும் அதற்கு எதிராக ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். இப்போது சுரங்கத்துக்குள் தவழ்ந்து போய், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே, கால் வெளியே நீட்டிக்கொள்ள, மல்லாந்து படுத்தான். சுன்னிவா கையை வெளியே நீட்டி டார்ச்சைப் பொருத்தினாள்.

மேலே நட்சத்திரங்கள் வந்தன. சுன்னிவா கையை அசைத்தபோது அத்தனையும் ஒரே பக்கமாக மெல்லச் சாய்ந்தன. அட்டைக்குள் மூன்று பேர் மூச்சும் வாழைப்பழ வாசமும்.

"இப்போ கடல்," என்றாள். கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீருக்கு அடியில் டார்ச். கூரையெல்லாம் அலை ஓடியது. அஸ்லாக் விரலை விட்டுக் கலக்கினான்; புயல் வந்தது. விரலை எடுத்தான், புயல் ஓய்ந்தது.

"இப்போ சூரியன்!" அவன் ஓடிப் போய் இருட்டில் தடவித் தடவி ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்தான். ஆகஸ்டில் கொசுக்கடியோடு சதுப்பில் பறித்த மஞ்சள் பழத்தின் ஜாம். டார்ச்சை அதன் பின்னால் வைத்தான். சுவரில் பெரிதாக, தேன் நிறத்தில், ஓரம் கலங்கிய ஒரு வட்டம் எழுந்தது. விதைகள் நிழலாக மிதந்தன.

அந்த வெளிச்சம் தோரால்வின் முகத்தில் பட்டது. சூடு இல்லை, ஆனாலும் கன்னத்தைத் திருப்பிக் காட்டினான், வெயில் காய்கிற பூனை மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னான்: "ஒரு ஊர் இருக்கு. அங்க டிசம்பர்லகூட சூரியன் வரும்."

"தெனமுமா?" என்றான் அஸ்லாக்.

"மேகம் இல்லேன்னா தெனமும்."

"ஸ்கூல் விட்டு வரும்போதும் இருக்குமா?" என்றாள் சுன்னிவா.

"இருக்கும்."

"அப்போ எப்ப இதெல்லாம் விளையாடுவாங்க?"

"சாயங்காலம் விளையாடலாம்… இல்லேன்னா திரையை இழுத்து விட்டுக்கலாம்."

"ஐயே," என்றாள் சுன்னிவா. பொய்ப்பல் வைத்த ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது அந்த 'ஐயே'.

அஸ்லாக் யோசித்தான். "அங்க சூரியன் திரும்பி வர்ற அன்னிக்கு ஸ்கூல் லீவா?"

"அங்கேருந்து அது போறதே இல்லையேடா. போனாத்தானே திரும்பி வரும்?"

"அப்போ சூரிய பன் எப்ப சாப்பிடுவாங்க?"

ஜனவரியில் மலை முகட்டில் சூரியன் நெற்றியை மட்டும் காட்டிவிட்டு ஓடும் ஐந்து நிமிஷத்துக்காக, மொத்தத் தீவும் வெளியே வந்து நின்று, ஜாம் வைத்த பன்னைத் தின்றுகொண்டே கத்தும். போன வருஷம் அஸ்லாக் நாலு பன் தின்று, சூரியனைப் பார்த்து "இங்க வா, இங்க வா" என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டான். மான்டாலில் தோரால்வ் பதினெட்டு வருஷம் சூரியனோடு ஒரே ஊரில் இருந்தவன். ஒரு நாள்கூட அதற்குக் கையசைத்ததாக ஞாபகம் இல்லை.

"சாப்பிட மாட்டாங்க," என்றான்.

"பாவம்," என்றான் அஸ்லாக், மனப்பூர்வமாக.

இரண்டே முக்காலுக்குத் தோரால்வ் சுரங்கத்திலிருந்து பின்பக்கமாக வெளியே வந்தான். ராட்சத நத்தை ஓட்டை விட்டு வருகிற மாதிரி. சுவர் ஓரமாக உட்கார்ந்து கைபேசியைத் திறந்தான். 'வருகிறேன்.' பக்கத்தில் அனுப்புகிற பொத்தான்.

போகக் கூடாது என்று திடீரென்று ஞானோதயம் வந்துவிட்டதா என்றால், இல்லை. போக வேண்டும் என்ற ஆசை அப்படியே நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஆனால் ராக்னி வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால், அவளுக்குத் தெரியாமல், இந்த இரண்டு பிள்ளைகளின் மூச்சுச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பொத்தானைத் தொட விரல் வரவில்லை.

எழுதியதை அழித்தான். வேறு எழுதினான்: 'திங்கள்கிழமை வரை பொறுக்க முடியுமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. தவறு என்னுடையது.' மூன்றாவது வாக்கியம் கம்பெனிக்குத் தேவையே இல்லாதது. இருந்தாலும் அனுப்பிவிட்டான். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

நாலு மணிக்கு ராக்னி வருவாள். வந்ததும், குளிர்ச்சட்டையைக் கழற்றும் முன்னால், நேராகச் சொல்லிவிட வேண்டும். தமாஷ் பண்ணாமல். வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்தான்.

மூன்று பத்துக்கு வாசல் கதவு திறந்தது.

குளிரும் இன்ஜின் எண்ணெய் வாசமும் உள்ளே வந்தன. "அம்மா! லைட்டைப் போடாதே!" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். அவள் போடவில்லை. பை தரையில் விழுகிற சத்தம். பனிப் பூட்ஸ் கழற்றுகிற சத்தம். பிறகு, "எதுல நுழையணும்?" என்று ராக்னியின் குரல்.

முந்தின படகைப் பிடித்துவிட்டாளாம். ஆச்சரியப்படுத்தலாம் என்று.

தடித்த குளிர்ச்சட்டையோடு சுரங்கத்தில் தவழ்ந்தாள். பிள்ளைகள் அவளைப் பிடித்து இழுத்து, படுக்க வைத்து, ஒன்று மாற்றி ஒன்று வானம், கடல், புயல், சூரியன் எல்லாவற்றையும் காட்டினார்கள். அவள் எல்லாவற்றுக்கும் "ஆ!" என்றாள். அஸ்லாக் பனிக்கட்டி மீனைப் பற்றிச் சொன்னபோது சிரித்தாள்கூட. பிறகு, "அப்பாவும் வரட்டும். நீங்க ரெண்டு பேரும் வெளியில நின்னு டார்ச் அடிங்க," என்றாள்.

தோரால்வ் உள்ளே போய் அவள் பக்கத்தில் படுத்தான். தலைக்கு மேலே இருநூறு முந்நூறு நட்சத்திரம். ஒத்திகை பார்த்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட ஞாபகம் இல்லை.

"பெரித் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா," என்றாள் ராக்னி. கிசுகிசுப்பாக.

"எதுக்கு?"

"நாம போறதுக்கு."

"எங்க?"

"அதை நான்தானே உன்கிட்ட கேக்கணும்?"

வெளியே அஸ்லாக், "இப்போ பூகம்பம்!" என்று டார்ச்சை ஆட்டினான். வானம் குலுங்கியது.

"படகை விட்டு இறங்கறேன், ஓடி வர்றா. 'உன்னைப் பார்க்காம எப்படி இருப்பேன்'ங்கறா. வழிக்குன்னு ஒரு பை பன் வேற. எனக்கு ஒண்ணும் புரியல. கையைப் பிடிச்சு மேட்டைக் காட்டறா. பார்த்தா, என் வீட்டு ஜன்னல்ல நட்சத்திரம் இல்ல. 'புதன்கிழமையே ஆறு பெட்டி வாங்கிட்டுப் போயிட்டான்டி'ன்னா."

"அந்தப் பெட்டி இதுதான், ராக்னி. இப்ப நம்ம தலை மேல இருக்கறது."

"தெரியுது."

"நட்சத்திரத்தைப் பசங்கதான்…"

"அதுவும் தெரியுது. அப்போ பெரித் சொன்னது பொய்யா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டி பொம்மைப் பெட்டி. நட்சத்திரம் விளையாட்டுக்கு அணைத்தது. பெரித் ஊர்க்கதை கட்டுகிறவள். அத்தனை சாட்சியும் பொய். தீர்ப்பு மட்டும் நிஜம்.

"இல்ல," என்றான் தோரால்வ். "மான்டால்ல ஒரு வேலை. மூணு வாரமா வச்சிருக்கேன். இன்னைக்கு மூணு மணிக்குள்ள பதில் கேட்டாங்க."

"சொல்லிட்டியா?"

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் கேட்டேன். என் பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாதுன்னு எழுதினேன்."

"நல்லாயிருக்கே. மான்டால்காரனுக்குத் தெரியும். பெரித்துக்குத் தெரியும். மீன்காரன் ஒட்வாரோட நாய்க்குச் சொல்லிட்டியா, இல்ல அதுக்கும் கடிதமா?"

கேலி பழைய கேலிதான். குரல் மட்டும் அந்தக் குரல் இல்லை. அட்டைக்குள் அவள் மூச்சு வேகமாக வந்தது.

"நீ போகணும்னு நெனக்கறதுக்கு நான் கோபப்படல, தோரால்வ். பதினோரு வருஷமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு ஜோக் சொல்லிக்கிட்டே இருந்திருக்கியே, அதுக்குத்தான்."

அதற்குள் சுன்னிவா ஜன்னலிலிருந்து கூவினாள். "அம்மா! லூசியா திரும்பி வருது!"

இருவரும் வெளியே தவழ்ந்து வந்து ஜன்னலில் நின்றார்கள். கீழே படகுத்துறையிலிருந்து மேட்டுக்கு ஏறுகிற பாதையில் வரிசையாக வெளிச்சங்கள். ஒன்று, இரண்டு, ஏழு, பத்து. கையில் விளக்கு, நெற்றியில் விளக்கு, ஒன்றிரண்டு கண்ணாடிக் கூண்டில் மெழுகுவர்த்தி. பனியில் மெல்ல ஆடி ஆடி, வளைவில் மறைந்து, மறுபடி எழுந்து, இந்த வீட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை.

தோரால்வ் அதை மூன்று தடவை ஏணி மேல் நின்று பார்த்திருக்கிறான். அந்த மூன்று வீட்டுக்காரர்களும் போனபோது ஊர் இப்படித்தான் ஏறி வந்தது.

"வழியனுப்ப வர்றாங்க," என்றாள் ராக்னி. "போய்க் கதவைத் திற."

"என்னன்னு சொல்றது?"

"எனக்கென்ன தெரியும்? அவங்களோட சேர்ந்து நானும் அப்பத்தான் கேக்கப் போறேன்."

கதவைத் திறந்தான். முன்னால் பெரித், கையில் மூடிய கூடை, மூக்கு சிவந்து. பின்னால் மீன்பிடிக்கிற ஒட்வார், நெற்றி விளக்கோடு. அவன் நாயும் கழுத்தில் ஒரு சின்ன விளக்கோடு. பாலர் பள்ளி ஆசிரியை. இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லா வெளிச்சமும் சேர்ந்து தோரால்வின் கண்ணைக் கூச வைத்தது.

"வீடே இருண்டு கிடக்கே தம்பி," என்றாள் பெரித். "எல்லாம் கட்டியாச்சா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

தமாஷாக நாலு பதில் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினான்.

"எல்லாரும் உள்ள வாங்க," என்றான். "விளக்கை அணைச்சுட்டு வாங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒட்வார் நெற்றியைத் தொட்டு அணைத்தான். ஒவ்வொன்றாக அணைந்தது. நாயினுடையதைச் சுன்னிவா அணைத்தாள். முற்றம் கறுத்தது, மேலே நிஜமான நட்சத்திரங்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தன.

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருட்டில் முட்டி மோதி நின்றார்கள். யாருடைய முழங்காலோ அட்டையில் இடித்தது.

"இதென்னப்பா, பெட்டி பூரா ஓட்டையா இருக்கு?" பெரித்தின் குரல். "இதுல எதை வச்சு அனுப்பறது?"

"வானத்தை," என்றான் அஸ்லாக்.

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒட்வார் தொண்டையைச் செருமினான். "அப்போ நீங்க போகலையா?"

ஈரக் கம்பளி வாசம். ராக்னி எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. யார் முகமும் தெரியாத இருட்டில், தன் முகமும் யாருக்கும் தெரியாது என்பது தோரால்வுக்கு மெதுவாக உறைத்தது.

"எனக்குப் போகணும்னு இருக்கு," என்றான். "இந்த இருட்டு எனக்கு ஆகல. வந்த நாள்லேருந்து ஆகல. சிரிச்சுக்கிட்டே இருந்துட்டேன். நவம்பர் வந்தா மூச்சு முட்டுது. நேத்து வரைக்கும் முழுசா போகணும்னு இருந்துச்சு. இன்னைக்கு மத்தியானத்துலேருந்து பாதிதான் இருக்கு. மிச்ச பாதியை என்ன பண்றதுன்னு தெரியல. இதை முதல்ல ராக்னிகிட்ட சொல்லியிருக்கணும்."

பெரித் மூக்கை உறிஞ்சினாள். "பாதி போறவங்களுக்கு எத்தனை பன் குடுக்கறது? நான் முப்பது சுட்டுக் கொண்டாந்திருக்கேன்."

அந்தச் சிரிப்பில் கூடமே இளகியது. கூடை கை மாறியது. இருட்டில் யாரோ குங்குமப்பூ பன்னைத் தோரால்வின் கையில் திணித்தார்கள். இன்னும் யாரோ தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனார்கள். ஒட்வாராக இருக்கும், மீன் வாசம் வந்தது.

அப்புறம் காதருகே ராக்னியின் குரல். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"திங்கக்கிழமைதானே கெடு?"

"ம்."

"என்கிட்டயும் சொல்லாத ஒரு பாதி இருக்கு. ரெண்டு மாசமா வச்சிருக்கேன். அதுக்குள்ள சொல்றேன்."

அவள் சிரித்துக்கொண்டு சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா, தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தோரால்வ் அவசரமாகத் தரையெல்லாம் தடவி டார்ச்சைத் தேடினான். அது அஸ்லாக்கின் கையில் இருந்தது.

"குடுடா."

"மாட்டேன்." பையன் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "இன்னும் கொஞ்ச நேரம் இருட்டா இருக்கட்டும்ப்பா."